காயத்தைத் தைக்கும் ஊசியும் நூலும்

ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டார் என்றால், சுகம் விசாரிக்க வருகின்ற உற்றார் உறவினர் முதலிற் கேட்கும் கேள்வி, "எத்தனை தையல் போட்டார்கள்?" என்பதேயாகும். ஐந்து என்றால் ஆறுதல் அடைகின்றனர்; இருபது என்றால் நெஞ்சிற் கைவைக்கின்றனர். ஆனால், தையலின் தொகையைக் கொண்டு நோயின் கடுமையை அளந்துவிட முடியாது. முகத்திலே உண்டான சிறு வெட்டுக்கு, தழும்பு தெரியாதிருக்கும் பொருட்டு, மெல்லிய நூலாற் பல தையல்கள் நெருக்கமாகப் போடப்படலாம். வயிற்றைத் திறந்து மூடிய பெருங் காயத்தின் உள்ளேயோ ஒரே நூல் தொடர் தையலாக நெடுகச் சென்றிருக்கலாம். எந்த நூல், எந்த ஊசி, எத்தனை நாளைக்கு என்பனவே விசாரிக்கத் தக்க விடயங்கள். அவற்றின் வரலாறோ கதை போலச் சுவையுடையது.

காயத்தைத் தைக்கும் வழக்கம் மிகப் பழைமையானது. வடமொழியிலுள்ள சுசுருத சங்கிதை, தைப்பதற்குரிய ஊசிகளை வகைப்படுத்தியே கூறுகின்றது. சதை குறைந்த இடங்களுக்கு உருண்ட ஊசி; சதைப்பற்று மிகுந்த இடங்களுக்கு மூன்று விளிம்புடைய ஊசி; வயிறு முதலிய இடங்களுக்கு வில்லைப் போல் வளைந்த ஊசி. பருத்தி நூல், சணல், மரநார், மயிர் என்பன இழைகளாகப் பயன்பட்டன. கிழிந்த குடலைப் பொருத்துவதற்கு அந்நூல் கூறும் உபாயம் வியப்புக்குரியது. குடலின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரிய எறும்புகளைக் கடிக்கவிட வேண்டும். அவை கடித்துப் பற்றியதும் உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிட வேண்டும். இக்காலத்து வைத்தியசாலைகளில் உலோகக் கவ்விகளாற் குடலை இணைக்கின்ற முறையும் இதே எண்ணத்தின் வழிப்பட்டதே.

தமிழ் மாணவர்கள் இவ்விடத்திற் பதிற்றுப்பத்தை நினைவுகூர்தல் நன்று. அதன் ஐந்தாம் பத்திலே, கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பாடுகின்ற பரணர், அவனுடைய வீரர்களின் மார்பிலுள்ள தழும்புகளைக் காட்டுகின்றார். அத்தழும்புகள் நீண்ட வெள்ளூசி கொண்டு தைக்கப்பட்ட புண்ணின் வடுக்கள். மீனைத் தேடி வட்டமிடும் மீன்கொத்திப் பறவை குளிர்ந்த குளத்திலே பாய்ந்து மூழ்கி மேலே எழுவது போல, அந்த ஊசி குருதியில் மூழ்கி மூழ்கி எழுந்ததாம். புண் தைப்பதைக் கண்ணாற் கண்ட ஒருவருக்கே இந்த உவமை தோன்றியிருக்கும் என்பது எமது எண்ணம். சங்ககாலத்திற் சத்திரசிகிச்சை இருந்ததா என்று வினவுவோர்க்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி, நூல் உண்மையிற் செய்கின்ற வேலை யாது? காயத்தை ஆற்றுவது உடம்பே. அது தன் வேலையை முடிக்கும்வரை இரு விளிம்புகளையும் அசையாமற் சேர்த்து வைத்திருப்பதுதான் நூலின் கடமை. வெட்டுண்ட சில நிமிடங்களுள் இரத்தம் உறைந்து காயத்தின் வாயை அடைக்கின்றது. பின்னர் வெண்குருதிக் கலங்கள் வந்து குழுமிக் கிருமிகளையும் இறந்த இழையங்களையும் அகற்றுகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களிற் காயத்தின் ஓரம் சற்றுச் சிவந்து வீங்குவது இதனாலேயே. அதன்பின் கொலாஜன் என்னும் புரத நார் சிறிது சிறிதாக நெய்யப்படுகின்றது. இந்த நெசவு மிக மெதுவானது. ஒரு வாரம் சென்ற காயத்தின் வலிமை, சாதாரணத் தோலின் வலிமையில் நூற்றுக்கு 3 பங்கு அளவினது. மூன்று வாரத்தில் ஏறக்குறைய 30 பங்கு. மூன்று மாதத்தில் 80 பங்கு வரை. நூற்றுக்கு நூறு எக்காலத்தும் திரும்புவதில்லை. வெளித்தோற்றத்தில் ஆறிவிட்டது என்று எண்ணி, வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் மூன்றாம் வாரமே கிணற்றில் நீர் இறைக்க முற்பட்டால் வைத்தியர் கடிந்துகொள்வது ஏன் என்பது இப்பொழுது விளங்கும்.

ஒரு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்வரை, சத்திரவைத்தியருக்குத் தைப்பது பெரிய காரியமன்று. தைத்தபின் நிகழ்வதே பெரிய அச்சம். கிருமிகளைப் பற்றி ஒருவரும் அறிந்திலர். நாடிகளைக் கட்டிய நூலின் நுனியை வெட்டிவிடாது காயத்துக்கு வெளியே நீளமாகத் தொங்கவிடுவர். உள்ளே சீழ்ப்பிடித்து நூல் இற்று விடுபட்டதும் அதனை இழுத்து எடுப்பர். நூலோடு நாடியின் வாயும் திறந்துகொண்டால், நோயாளி குருதி பெருகி இறப்பான். இந்நிலையை மாற்றியவர் கிளாஸ்கோ நகரிலே பணியாற்றிய யோசேப்பு லிஸ்டர். 1865 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், வண்டிச் சில்லு ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்த நிலையிற் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் கொண்டுவரப்பட்டான். அக்காலத்தில் இத்தகைய முறிவுக்குக் காலை வெட்டுவதே வழக்கம். லிஸ்டர் காபோலிக் அமிலம் தோய்த்த துணியாற் காயத்தை மூடினார். சீழ்ப்பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு பொருந்தியது.

அடுத்து லிஸ்டர் நூலைப் பற்றிச் சிந்தித்தார். நூலையும் கிருமியற்றதாக்கினால் அதனை உள்ளேயே விட்டு மூடிவிடலாம் அல்லவா? பட்டு நூல் உள்ளே கிடந்து நெடுநாள் உறுத்தும். தானாக மறையும் நூல் ஒன்று வேண்டும். 1868 ஆம் ஆண்டின் இறுதியில், காபோலிக் அமிலத்திற் பதப்படுத்திய விலங்குக் குடல் நூலாற் கன்றுக்குட்டி ஒன்றின் கழுத்து நாடியைக் கட்டினார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, நூல் இருந்த இடத்திற் கன்றின் சொந்த இழையம் வளர்ந்திருந்தது. இதுவே 'கற்கட்' என்னும் நூலின் புகழுக்குத் தொடக்கம். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பார்த்தாற் பூனைக் குடல் என்று பொருள்படும். ஆயினும் பூனைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆட்டின் அல்லது மாட்டின் குடற்சுவரிலிருந்து முறுக்கப்பட்டது இது. சைவ உணவினராகிய எம் வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அதனைப் பின்னர் சொல்வோம்.

லிஸ்டர் தமது முறையை உலகுக்கு அறிவித்த 1867 ஆம் ஆண்டிலேயே எமது யாழ்ப்பாணத்தில் வேறொரு காரியம் நடைபெற்றது. 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த டாக்டர் சாமுவேல் கிறீன், தம் மாணாக்கருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். சத்திரவைத்தியம் பற்றிய ஆங்கிலப் பெருநூலொன்றை 'இரணவைத்தியம்' என்ற பெயரிலே தமிழாக்கி அவர் வெளியிட்டது அவ்வாண்டில்தான். காயம், கட்டு, தையல் ஆகியவற்றை நம் மொழியிற் படித்து வைத்தியரானவர்கள் அன்று இருந்தார்கள். இன்று தமிழில் அறிவியல் சொல்ல இயலுமா என்று ஐயுறுவோர் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.

இந்த வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. வெள்ளிக் கம்பியாற் தைத்துப் புகழ்பெற்ற அமெரிக்க வைத்தியர் மரியன் சிம்ஸ், பிரசவத்தில் உண்டாகும் கிழிசலை மூடும் முறையை 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்கள் மீதே பரீட்சித்தார். மயக்க மருந்தும் கொடுக்கவில்லை. அனார்க்கா என்பவள் ஏறக்குறைய முப்பது தடவை அறுக்கப்பட்டாள். அவளுடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று அன்றைய சட்டமும் சொல்லவில்லை. நியூயோர்க் நகரப் பூங்காவிலிருந்த சிம்ஸின் சிலை 2018 இல் அகற்றப்பட்டது.

தோலையும் குடலையும் தைக்கக் கற்ற வைத்தியர்கள் இரத்தக் குழாயை மட்டும் தைக்க அஞ்சினர். 1894 ஆம் ஆண்டு யூன் மாதம் 24 ஆம் நாள், பிரான்சின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ, இலியோன் நகருக்கு வந்திருந்த வேளையில் ஒருவனாற் கத்தியாற் குத்தப்பட்டார். குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாளம் அறுபட்டது. நாட்டின் தலைவர், சூழ நின்றவர்கள் தேர்ந்த வைத்தியர்கள், ஆயினும் என் செய்வது? அறுந்த நாளத்தைத் தைக்கும் வித்தையை ஒருவரும் அறியார். நள்ளிரவு கடந்ததும் அவர் உயிர் பிரிந்தது.

அந்நகரிலே வைத்தியம் பயின்றுகொண்டிருந்தவர் அலெக்சிஸ் கரெல். வயது இருபத்தொன்று. கிழிந்த துணியைத் தைக்க முடியுமானால் நாளத்தையும் தைக்க முடியும் என்று அவர் துணிந்து கூறினார். இலியோன் பட்டு நெசவுக்குப் பெயர்போன நகரம். அங்கே பூவேலை செய்வதிற் சிறந்து விளங்கிய லெரூதியே என்னும் அம்மையாரிடம் சென்று, நுண்ணிய ஊசியையும் மெல்லிய பட்டிழையையும் கையாளும் விதத்தை மாணவனாக அமர்ந்து கற்றார். பட்டம் பெறவிருக்கும் வைத்தியர், தையற்காரியிடம் பாடங் கேட்கக் கூச்சப்படவில்லை என்பதே எமக்கு அவரிடத்திற் பிடித்த செய்தி.

கையின் பழக்கம் மட்டும் போதவில்லை. குழாய் உருண்டையானது; தைக்கும்போது ஊசி எதிர்ச்சுவரையும் பிடித்துவிடும். உள்ளே நூல் துருத்தினால் அங்கே இரத்தம் உறைந்து வழி அடைபடும். கரெல் கண்ட உபாயம் எளிமையானது. வெட்டுண்ட இரு வாய்களையும் சேர்த்து, வட்டத்திற் சம தூரத்திலுள்ள மூன்று இடங்களில் மூன்று முடிச்சு இட்டார். மூன்று நூலையும் மூன்று பக்கமாக இழுத்தால் வட்டம் முக்கோணமாகின்றது; வளைந்த ஓரம் நேர்கோடாகின்றது. நேர்கோட்டைத் தைப்பது எளிதன்றோ? ஓரங்களைச் சற்று வெளிப்புறமாக மடித்து, உட்சுவர்கள் ஒன்றையொன்று தொடும்படி செய்தார். ஊசியிலும் நூலிலும் வசிலின் பூசினார். கேத்திரகணிதத்தால் என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களுக்கு நாம் இந்த முக்கோணத்தைக் காட்டுவதுண்டு.

1902 இல் அவர் இம்முறையை வெளியிட்டார். 1908 இல் நியூயோர்க்கில், பிறந்து சில நாட்களேயான பெண் குழந்தை ஒன்று குருதி கசிந்து இறக்குந் தறுவாயில் இருந்தது. கரெல் தந்தையின் கை நாடியை மகளின் கால் நாளத்தோடு தைத்து இணைத்தார். தந்தையின் இரத்தம் நேரே மகளின் உடலுட் பாய, வெளிறிக் கிடந்த குழந்தையின் நிறம் திரும்பியது, அவள் பிழைத்துக்கொண்டாள். 1912 இல் கரெலுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1954 இல் பொஸ்ரன் நகரில் ஒருவரின் சிறுநீரகம் அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தப்பட்டு வெற்றி கண்டதற்கும் இரத்தக் குழாய்களைத் தைக்கும் இக்கலையே அடிப்படை. பிற்காலத்தில் மனித இனத்தை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பிரிக்கும் கொள்கைகளைக் கரெல் எழுதியது வருந்தத் தக்கது. கையின் நுட்பம் வேறு, மனத்தின் நுட்பம் வேறு போலும்.

இன்று நூல்கள் இரு பெரும் பிரிவின. ஒன்று, உடலிற் கரைந்து மறைவது, மற்றது, கரையாதிருப்பது. பட்டும் நைலோனும் பின்னைய வகை. தோலின் மேலே போடும் நைலோன் தையலை உரிய நாளில் வெட்டி எடுத்தல் வேண்டும். இரத்தவோட்டம் மிகுந்த முகத்தில் ஏறத்தாழ ஐந்தாம் நாள்; தலையில் ஒரு வாரமளவில்; கை கால்களிற் பத்து முதற் பதினான்கு நாள். முந்தினால் காயம் பிளக்கும். பிந்தினால் நூல் சென்ற வழியெல்லாம் தடம் விழுந்து ஏணிப்படி போலத் தழும்பு நிற்கும். கரையும் நூல்களில், நாம் முன்னர்க் கூறிய குடல் நூல் ஐரோப்பிய நாடுகளில் 2001 ஆம் ஆண்டு, மாடுகளுக்கு வந்த மூளை நோயின் அச்சத்தால் விலக்கப்பட்டது. 1970 களில் பரவத் தொடங்கிய செயற்கை நூல்கள் இரசாயன முறையில் ஆக்கப்படுவன. உடலிலுள்ள நீரே இவற்றை மெல்ல மெல்லச் சிதைக்கின்றது. அவற்றுட் பெயர்பெற்ற ஒருவகை, மூன்று வாரமளவும் பிடித்துநின்று, இரண்டு மாதமளவில் முற்றாக மறைந்துவிடும். சைவர்களுக்கு நாம் சொன்ன ஆறுதல் இதுவே.

ஊசியும் மாறிவிட்டது. முன்னர் காது உள்ள ஊசியில் நூலைக் கோத்தனர். காதில் இரட்டையாக மடிந்த நூல் துளையைப் பெரிதாக்கிச் சதையைக் கிழித்தது. இன்று நூலின் நுனி ஊசியின் அடியிலேயே பொருத்தப்பட்டு வருகின்றது. உறுதியான தோலுக்கு வெட்டும் விளிம்புடைய ஊசி. மென்மையான குடலுக்கு இழையத்தை விலக்கிச் செல்லும் உருண்ட ஊசி. நூலின் பருமனைப் பூச்சியங்களாற் குறிப்பர். பூச்சியம் கூடக் கூட நூல் மெலியும். கண்ணின் விழிவெண்படலத்தைத் தைக்கும் பத்துப் பூச்சிய நைலோன் நூல், தலைமயிரின் மூன்றிலொரு பங்கு பருமன்கூட இல்லாதது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தே தைப்பர். டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய கண்தானச் சங்கத்தின் வழியாக எமது நாட்டவர் வழங்கிய விழிவெண்படலங்கள் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ கண்களிற் தைக்கப்பட்டுள்ளன.

நல்ல நூலும் நல்ல கையும் வாய்த்தாலும், கொலாஜனை நெய்வதற்கு உடம்புக்கு மூலப்பொருள் வேண்டும். நீரிழிவு கட்டுக்கடங்காதிருந்தால் காயம் ஆறப் பிந்தும், புகைப்பவர்க்கும் அவ்வாறே. எம் வீடுகளில் வேறொரு தடையும் உண்டு. பத்தியம் என்ற பெயரால் நோயாளிக்கு மீன், முட்டை, பருப்பு யாவும் மறுக்கப்படுகின்றன. புளிப்புத் தின்றாற் புண் சீழ்ப்பிடிக்கும் என்று தேசிக்காயும் தோடம்பழமும் விலக்கப்படுகின்றன. இவற்றிலுள்ள விற்றமின் சி இல்லாமற் கொலாஜன் உறுதிப்படுவதேயில்லை. 1740 இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட அன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் கப்பற்படையில், புதுக் காய்கனியின்றி மாலுமிகள் சொறிகரப்பானுக்கு இரையாயினர். அவர்களுள் ஒரு முதியவர் 1690 ஆம் ஆண்டுப் போரொன்றிற் காயப்பட்டுக் குணமானவர். ஐம்பது ஆண்டுகள் ஆறிக் கிடந்த அந்தப் பழம்புண் கப்பலிலே புதிதாக வெட்டுப்பட்டது போல மீண்டும் வாய் திறந்தது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1939 இல், பொஸ்ரன் நகர இளம் சத்திரவைத்தியர் ஜோன் கிராண்டன் இதனைத் தம் உடலிலேயே சோதித்தார். பழமும் காய்கறியும் நீக்கி ஆறு மாதம் உண்டார். மூன்றாம் மாதத்தில் அவருடைய முதுகிற் போட்ட கீறல் வழமை போல ஆறியது. ஆறாம் மாதத்திற் போட்ட கீறலைப் பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது, தோலின் அடியில் உறைந்த குருதியன்றி வேறெதுவும் இல்லை. அதன்பின் விற்றமின் சி கொடுக்கப்பட்டது. சில நாட்கள் சென்று மறுபடி பார்த்தார்கள். காயம் செவ்வனே பொருந்தியிருந்தது.