கோடைக் கடலில் ஒரு மரப்படகு

நோர்வேயின் பேர்கன் நகருக்குத் தெற்கேயுள்ள ஊஸ் பகுதிக் குடாக்களில், கோடைகாலத்தில் சிறிய மரப்படகுகள் பாய்விரித்து ஆறுதலாகச் செல்வதைக் காணலாம். 'ஊசெல்வர்' எனப்படும் இப்படகின் ஒவ்வொரு பக்கமும் மூன்றே மூன்று அகன்ற பலகைகளாலானது. ஒரு பலகையின் விளிம்பின்மேல் மற்றொன்று படியுமாறு பொருத்தும் இவ்வடபுல மரபை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுல மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

இங்கு அவசரத்திற்கு இடமில்லை. காற்று எழுந்தால் பாய், விழுந்தால் துடுப்பு. ஆனி மாதத்தில் இரவு 11 மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

எமக்கோ கடல் வேறு நினைவுகளையே தருகின்றது. நள்ளிரவில் வள்ளமேறிப் பாக்குநீரிணையைக் கடந்தோர் எம்மிற் பலர். அக்கடலில் உறவுகளை இழந்தோரும் உளர். அதனாலேயே எம் பிள்ளைகளையும் கரையில் நிறுத்திவிடுகின்றோம். எனினும், கடலோடிகளின் பேரப்பிள்ளைகள் கடலை அச்சமாக மட்டுமே அறிந்து வளர்வது முறையன்று.

எட்டு மீற்றருக்குக் குறைந்த படகுகள் ஓடும்போது உயிர்காப்பு அங்கி அணிவதை நோர்வே 2015இல் சட்டமாக்கியது. பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிப்போம். அங்கி அணிவித்து, காற்று அடங்கிய ஒரு நாளில், படகறிந்த ஒருவருடன் ஏற்றிச் செல்வோம். தப்பிச் செல்வதற்காக அன்றி, மகிழ்ந்திருப்பதற்காகவும் கடலில் இறங்கலாம் என்பதை அவர்களோடு சேர்ந்து நாமும் பழகிக்கொள்வோம்.