சட்டம் இயற்றுவோருக்குப் பாடம் நடத்துவது யார்?

ஒருவர் சட்டமன்ற உறுப்பினராவதற்கு மக்களின் வாக்குகள் போதும். நல்ல சட்டத்தை இயற்றுவதற்கு அவை மட்டும் போதா. நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு வரியைக் குறைத்தால் எந்தப் பள்ளிக்கு, எந்த மருத்துவமனைக்குப் பணம் குறையும் என்று கணிக்கத் தெரிய வேண்டும். இவற்றைப் புதிய உறுப்பினருக்குக் கற்றுக்கொடுப்பது யார்? அமெரிக்க மாநிலங்களில் இந்த இடத்தைக் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பெருமளவில் நிரப்பி வருபவை, பழைமைவாதக் கொள்கை ஆய்வு அமைப்புகள். அவை நடத்தும் பொதுக் கருத்தரங்குகளும் பயிற்சி வகுப்புகளும் தேர்தல் மேடைகளைப்போலக் கவனம் பெறுவதில்லை. ஆனால், பல சட்டங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் மாநிலங்களின் அதிகாரம் பெரிது. குற்றவியல் சட்டம், பள்ளிக் கல்வி, சிறைச்சாலை எனப் பலவும் பெரும்பாலும் அவற்றின் பொறுப்பே. அந்த அதிகாரத்தைச் செலுத்தும் சட்டமன்றங்களோ பல மாநிலங்களில் பகுதிநேர அவைகளாகவே உள்ளன. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாள்கள் நடைபெறும். உறுப்பினரின் ஆண்டு ஊதியம் 7,200 டாலர். கூடுதலாகத் தினப்படி உண்டு. நியூ ஹாம்ப்ஷையர் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஊதியம் ஆண்டுக்கு வெறும் 100 டாலர். வழக்குரைஞரும் விவசாயியும் வணிகரும் தத்தம் தொழிலுக்கு இடையே சட்டமியற்ற வருகின்றனர். ஆய்வு செய்து தருவதற்கு அவர்களிடம் போதிய உதவியாளர்கள் இருப்பதில்லை.

மிச்சிகன் மாநிலம் 1992-இல் பதவிக்கால வரம்பையும் கொண்டுவந்தது. கீழவையில் ஆறு ஆண்டுகள், மேலவையில் எட்டு ஆண்டுகள் என்பதே அதன் உச்சவரம்பு. 2022-இல் இது மொத்தம் 12 ஆண்டுகள் என மாற்றப்படும்வரை, தொழிலைக் கற்றுக்கொள்வதற்குள் உறுப்பினர் வீடு திரும்ப வேண்டிய நிலையே இருந்தது.

இந்த வெற்றிடத்தைப் பழைமைவாதிகள் மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டனர் என்பது என் கணிப்பு. 1987-இல் மிச்சிகனில் மேக்கினா மையமும், 1989-இல் டெக்சாஸ் பொதுக்கொள்கை அறக்கட்டளையும் தோன்றின. தெற்கு கரோலினாவைச் சேர்ந்த தொழிலதிபர் தாமஸ் ரோ 1992-இல் இத்தகைய அமைப்புகளை இணைக்கும் மாநிலக் கொள்கை வலையமைப்பை நிறுவினார். இன்று 50 மாநிலங்களிலும் அதற்கு உறுப்பு அமைப்புகள் உள்ளன. குறைந்த வரி, சிறிய அரசு, பெற்றோரின் பள்ளித் தேர்வுரிமை, தொழிற்சங்க அதிகாரத்துக்கு வரம்பு ஆகியவை இவற்றின் பொதுவான கொள்கைகள்.

இவற்றின் நிகழ்ச்சி நிரல் விரிவானது. சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் காலத்தில் டெக்சாஸ் அறக்கட்டளை தலைநகர் ஆஸ்டினில் பல நாள் கொள்கை மாநாட்டை நடத்துகிறது. உறுப்பினர்களும் அவர்களின் உதவியாளர்களும் பொதுமக்களும் ஒரே அரங்கில் அமர்கின்றனர். மேக்கினா மையம் மிச்சிகன் தலைநகர் லான்சிங்கில் மதிய உணவுக் கருத்தரங்குகளை நடத்தியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி அளித்திருக்கிறது. தன்னைப் போன்ற அமைப்புகளை நடத்துவோருக்குத் தலைமைப் பயிற்சியும் தந்திருக்கிறது. அப்பயிற்சிக்குப் பல வெளிநாடுகளிலிருந்தும் ஆள்கள் வந்துள்ளனர்.

இவ்வளவு உழைப்பும் எதற்கு? இதற்கு மிகத் தெளிவான விடையைத் தந்தவர், மேக்கினா மையத்தின் மூத்த நிர்வாகியாக இருந்து 2003-இல் விமான விபத்தில் மறைந்த ஜோசப் ஓவர்ட்டன். எந்தக் காலத்திலும் ஒரு பிரச்னைக்கான தீர்வுகளில் ஒரு சில மட்டுமே மக்களால் ஏற்கத்தக்கவையாகக் கருதப்படும். வெற்றி பெற விரும்பும் அரசியல்வாதி அந்த எல்லைக்குள்தான் நிற்பார் என்பது அவரது வாதம். எனவே, அரசியல்வாதியை மாற்றுவதைவிட அந்த எல்லையை நகர்த்துவதே கொள்கை அமைப்பின் பணி. 'ஓவர்ட்டன் சாளரம்' என்று இன்று உலகம் முழுவதும் புழங்கும் சொல், நன்கொடையாளர்களுக்குத் தம் அமைப்பின் வேலையை விளக்க அவர் உருவாக்கிய கருத்திலிருந்து பிறந்ததுதான்.

மிச்சிகனே இதற்குச் சான்று. வாகனத் தொழிலாளர் சங்கம் 1935-இல் உருவான டெட்ராய்ட் அம்மாநிலத்தில்தான் உள்ளது. அங்கே, பணியில் நீடிப்பதற்குச் சங்கக் கட்டணம் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற சட்டம் வரும் என்று ஒரு காலத்தில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மேக்கினா மையம் அதை நெடுங்காலம் வலியுறுத்தியது. 2012 டிசம்பரில் ஆளுநர் ரிக் ஸ்னைடர் அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். சங்கங்களின் வருவாயும் பேரம்பேசும் வலிமையும் அடிவாங்கும் என்று தொழிலாளர்கள் தலைநகரில் திரண்டு எதிர்த்தனர், அது பலிக்கவில்லை.

இதே முறை வேறு விளைவையும் தந்திருக்கிறது. சுமார் 17,000 பேருக்குக் கூடுதல் சிறை இடம் தேவைப்படும் என்ற கணிப்பை டெக்சாஸ் 2007-இல் எதிர்கொண்டது. புதிய சிறைகளைக் கட்டிக்கொண்டே போவதற்குப் பதிலாக, போதை மீட்புச் சிகிச்சைக்கும் நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் அம்மாநிலம் பணம் ஒதுக்கியது. குடியரசுக் கட்சியின் ஜெர்ரி மேடனும் ஜனநாயகக் கட்சியின் ஜான் விட்மயரும் இணைந்து நடத்திய சீர்திருத்தம் அது. சிறையும் மக்கள் வரிப்பணத்தில்தான் நடக்கிறது என்ற வாதத்தைப் பழைமைவாதிகளிடம் கொண்டுசென்றது டெக்சாஸ் அறக்கட்டளை. 2010-இல் அதை நாடு தழுவிய இயக்கமாகவும் ஆக்கியது. 2011-இல் டெக்சாஸ் ஒரு சிறையையே மூடியது. ஆகவே, இவ்வமைப்புகளின் பயிற்சி வெறும் பிரசாரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

எனினும், பாடத்திட்டத்தை வகுப்பவர் எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் முடிவு செய்கிறார். இங்குதான் என் கவலை தொடங்குகிறது. இவ்வமைப்புகளுள் பெரும்பாலானவை வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளைகள். தேர்தலில் வேட்பாளரை ஆதரிப்பதற்கு அவற்றுக்குத் தடை உண்டு. சட்டமியற்றுவோரிடம் ஒரு மசோதாவுக்காக நேரடியாகப் பரிந்துபேசுவதற்கும் வரம்பு உண்டு. கல்விப் பணிக்கு மட்டும் அத்தகைய வரம்பு இல்லை. கற்பிப்பதற்கும் காரியம் சாதிப்பதற்கும் இடையிலான கோடோ மெல்லியது. நன்கொடையாளர்களின் பெயர்களைப் பொதுவெளியில் வெளியிடும் கட்டாயமும் இல்லை. அப்பெயர்களைத் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் விதித்த நிபந்தனையைக்கூட உச்சநீதிமன்றம் 2021-இல் செல்லாததாக்கியது. பாடம் கேட்கும் உறுப்பினருக்கு, ஆசிரியருக்கு ஊதியம் தருபவர் யாரென்று தெரியாமலே போகலாம்.

மறுதரப்பும் இதே வழியில் நடக்கிறது. முற்போக்கு மாநில உறுப்பினர்களுக்கு உதவுவதற்கென 2014-இல் மாநிலப் புத்தாக்கப் பரிமாற்றம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொழிற்சங்கங்களின் நிதியுதவி பெறும் ஆய்வு நிறுவனங்களும் உண்டு. இரு தரப்பும் தம் கருத்தைப் பரப்புவது ஜனநாயக உரிமை. அதைத் தடை செய்வது நோயைவிடக் கொடிய மருந்தாகிவிடும்.

தேவைப்படுவது தடையன்று, பொதுச் செலவில் இயங்கும், கட்சி சாராத மாற்று ஆசிரியர். அது அமெரிக்காவுக்குப் புதிதுமன்று. 1901-இல் விஸ்கான்சின் மாநிலம் சார்லஸ் மெக்கார்த்தியின் பொறுப்பில் சட்டமியற்றுவோருக்கென ஆய்வு நூலகம் ஒன்றை அமைத்தது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. கலிஃபோர்னியா 1941 முதல் கட்சி சாராத நிதிப் பகுப்பாய்வு அலுவலகத்தை நடத்தி வருகிறது. அதே நாட்டின் நாடாளுமன்றம் 1995-இல் தன் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தைச் செலவு மிச்சம் என்று சொல்லி மூடியது. அரசு தன் ஆய்வு அறையின் விளக்கை அணைத்தால், வெளியிலிருந்து விளக்கோடு வருபவர் காட்டும் இடம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

இத்தகைய அரங்குகளுக்குச் செல்லும் குடிமக்கள் மூன்று கேள்விகளைக் கேட்டாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும். இந்நிகழ்ச்சிக்குப் பணம் தந்தவர் யார்? அழைக்கப்படாதவர் யார்? இவர்கள் கூற்றுக்கு எதிரான சான்றுகளைப் பற்றி இவர்கள் என்ன சொல்கிறார்கள்? நேர்மையான அமைப்பு எதுவும் இக்கேள்விகளுக்கு அஞ்சாது.

மிச்சிகன் கதைக்குப் பின்னுரை ஒன்று உண்டு. 2022 தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் கைப்பற்றியது. 2012-இன் அந்தச் சட்டத்தை நீக்கும் மசோதாவில் ஆளுநர் கிரெட்சன் விட்மர் 2023 மார்ச்சில் கையெழுத்திட்டார். நீண்டகால உழைப்பால் நகர்த்தப்பட்ட எல்லையை வாக்காளர்கள் மீண்டும் நகர்த்தினர். கருத்தரங்குகள் சட்டத்துக்கு விதை தூவலாம். அதை நிலைக்க விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வாக்காளரிடமே இருக்கிறது. அந்த உரிமையைச் செலுத்த, உறுப்பினருக்குச் சொல்லப்பட்ட பாடம் என்னவென்று வாக்காளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.