ஆரம்பச் சூரத்தனம் வேண்டாம்! அளவாக நடப்போம், நாள்தோறும் நடப்போம்!



பரிசோதனையில் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இருப்பது தெரிந்தால், "தினமும் நடங்க" என்கிறார் டாக்டர். மறுநாளே வீட்டுக்காரர் விடியுமுன் எழுந்து பக்கத்து ஊர் வரை வேகுவேகென்று போய் வருகிறார். மூன்றாம் நாள் முழங்கால் வீங்குகிறது. நாலாம் நாள், "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது புள்ளே" என்று படுத்து விடுகிறார். நோய் மட்டும் உள்ளேயே இருக்கிறது.

"வயல்ல பாடுபடறோமே, நடை எதுக்கு?" என்று கேட்கலாம். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து உழைத்தால் அதுவே பயிற்சிதான். ஆனால் உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், கடைத்தெருவுக்கு மோட்டார் சைக்கிள் என்று ஆனபின் உடம்பு அசைவது குறைந்துவிட்டதல்லவா?

எவ்வளவு நடக்கலாம்?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதாவது தினம் 30 நிமிடமாக 5 நாள். ஆனால் இது போய்ச் சேர வேண்டிய இடம், புறப்படும் இடமல்ல. புதுக் காளையை முதல் நாளே ஏரில் பூட்டி முழு வயலையும் உழுவோமா? நம் உடம்பும் அப்படித்தான். முதல் வாரம் தினம் 10 நிமிடம். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் வாரம் 30 நிமிடம் ஆகிவிடும். சிரமமாக இருந்தால் அதே அளவில் இன்னொரு வாரம் நடங்கள்.

எவ்வளவு வேகம்?

நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இருவரும் சேர்ந்து நடந்தால் மெதுவாக நடப்பவரின் வேகமே இருவருக்கும்.

"எனக்கு ஏதுங்க நேரம்?" என்பார் மனைவி. கணவர் தண்ணீர் எடுத்து வைத்து, மாட்டுக்குத் தீவனம் போட்டால் அந்த அரை மணி தானே கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை:

1. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். கொஞ்சம் சர்க்கரை கையில் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, கிறுகிறுப்பு வந்தால் நின்று, உடனே வாயில் போடுங்கள்.
2. செருப்பில்லாமல் நடக்காதீர்கள். தினமும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. நெஞ்சில் வலி, அழுத்தம், மூச்சுத் திணறல் வந்தால் நின்றுவிடுங்கள், 108-ஐ அழையுங்கள்.
4. நடக்கிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
5. கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

கல்யாணம், காதுகுத்து, மழை என்று ஒரு நாள் தவறலாம். அதனால் குடி முழுகிவிடாது. மறுநாள் இரட்டிப்பாக நடக்கவும் வேண்டாம், வழக்கம்போல் நடங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

இன்று பத்து நிமிடம். என்றும் நம் வசம் நலம்!