மலையேறும்போது லோரி ஏன் திணறுகிறது?

காராக் நெடுஞ்சாலையில் சுமையேற்றிய லோரிகள் இடப்பக்கத் தடத்தில் மெதுவாக மேடேறுவதைப் பார்த்திருப்பீர்கள். நேற்றுவரை அதே சுமையோடு ஏறிய லோரி ஒன்று, இன்று பாதி மேட்டில் திணறுகிறது. கறுப்புப் புகையும் கக்குகிறது. “டர்போ போய்விட்டது” என்று உடனே புதியதை வாங்கினால் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவாகும். ஆனால், உண்மையான காரணம் ஒரு ரப்பர் குழாயில் விழுந்த வெடிப்பாகவும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

டர்போ செய்யும் வேலை

டீசல் எரிய ஆக்சிஜன் வேண்டும். இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு விசைச்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. இவை நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல்கூடச் சுழலும்! சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

அழுத்தும்போது காற்று சூடாகும்; சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடான காற்றின் அடர்த்தி குறைவு. எனவே இண்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. 150 பாகை செல்சியசில் (423 கெல்வின்) உள்ள காற்றை, அழுத்தம் மாறாமல் 50 பாகைக்கு (323 கெல்வின்) குளிர்வித்தால், 423 ÷ 323 = 1.31. அதாவது, அதே இடத்தில் ஏறக்குறைய 31 விழுக்காடு கூடுதல் காற்று அடங்கும்.

காற்று குறைந்தால் டீசலில் உள்ள கார்பன் முழுமையாக எரியாது. அதுவே கறுப்புப் புகை. புதிய லோரிகளில் கணினி டீசலைக் குறைத்துவிடும். புகை தெரியாது, வலு மட்டும் குறையும்.

துப்பறியும் வரிசை

நல்ல மெக்கானிக் எளிய சோதனையில் தொடங்குவார்.

முதலில் அளவி. இயந்திரம் ஓடாதபோது, காற்றழுத்த உணரி வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும்: கடல்மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல். வேறு எண்ணைக் காட்டினால் பிழை உணரியிலேயே இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்க்கும் பூச்சியப் பிழையைப் போன்றதுதான் இது.

இரண்டாவது, காற்று வடிகட்டி. தூசி அடைத்திருந்தால் டர்போவுக்கே காற்று போதாது.

மூன்றாவது, கசிவு. டர்போவுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள குழாய்களை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுவார்கள். குமிழி வரும் இடமே ஓட்டை.

நான்காவது, புகை வரும் பக்கம். டர்போவுக்கு முன்னால் உள்ள இணைப்பில் கரி படிந்திருந்தால், சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே தப்பிக்கிறது என்று பொருள். கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தாலும் இதே விளைவுதான்.

கடைசியாகத்தான் டர்போ. இயந்திரம் ஆறிய பிறகு தண்டை அசைத்துப் பார்ப்பார்கள். சக்கரம் உறையில் உரசினால் அது தேய்ந்துவிட்டது. அப்போதும், ‘ஏன் தேய்ந்தது?’ என்று கேட்க வேண்டும். எண்ணெய்க் குழாய் அடைபட்டிருந்தால், புதிய டர்போவும் சீக்கிரமே பழுதாகும்.

ஒரு புதிர்

பட்டறை வாசலில் சும்மா உறுமும்போது லோரி நன்றாகத்தானே இருக்கிறது? அப்போது வெளியேறும் புகை குறைவு. டர்போ காற்றை அழுத்துவதே இல்லை எனலாம். ஓட்டை இருந்தாலும் தெரியாது. அதனால்தான் சுமையோடு மேடேற்றி அளவெடுக்கிறார்கள். பழுது எந்தச் சூழ்நிலையில் தோன்றுகிறதோ, அந்தச் சூழ்நிலையிலேயே அதைச் சோதிக்க வேண்டும்.

மாணவர்களே, ஒரு கேள்வி: குழாயில் சிறு ஓட்டை, வடிகட்டியில் அடைப்பு. இவ்விரண்டில் எது மேடேறும்போது ‘உஸ்’ என்ற சத்தத்தைக் கூடுதலாக எழுப்பும்? காற்று எந்தப் பக்கம் பாய்கிறது என்று படம் வரைந்து யோசியுங்கள்.