சைக்கிளும் காரும் மோதினால்: தவறு யாருடையது, பணம் யாருடையது?

சைக்கிளுக்குப் பதிவு எண் இல்லை, ஓட்ட உரிமம் வேண்டாம், காப்பீடு கட்டாயமில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வாகனமே அல்ல. காருக்கோ இவை மூன்றும் வேண்டும். சட்டத்தின் 146ஆவது பிரிவின்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத கார் பொதுச்சாலையில் இறங்கவே கூடாது. ஆகவே இரண்டும் மோதிச் சைக்கிள்காரர் அடிபட்டால், பணம் காரின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும். அதில் குழப்பம் குறைவு. சண்டையெல்லாம் தவறு யாருடையது என்பதில்தான்.

காரைக்கால் மாவட்டத்துக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே பூவத்திலிருந்து தெற்கே வாஞ்சூர் வரை தேசிய நெடுஞ்சாலை 32 இதன் வழியே போகிறது. சனிக்கிழமைகளில் சனீஸ்வரனைத் தரிசிக்கத் திருநள்ளாற்றுக்கு வரும் வெளியூர்க் கார்களும், பள்ளிப் பிள்ளைகளும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் ஓட்டும் சைக்கிள்களும் ஒரே தார்ச்சாலையைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. இங்கே மோதல் பெரும்பாலும் நான்கு விதமாக நடக்கும். கார் முந்தும்போது சைக்கிளின் ஹேண்டில்பாரை உரசிவிட்டுப் போவது ஒன்று. பாரதியார் சாலை போன்ற கடைத்தெருவில், நிறுத்திய காரின் கதவைப் பின்னால் பார்க்காமல் திறப்பது இன்னொன்று. கார் இடப்பக்கம் திரும்புகையில் ஓரமாக நேரே போகும் சைக்கிளை மறிப்பது மூன்றாவது. இம்மூன்றிலும் பிழை பெரும்பாலும் காரின் பக்கமே. நான்காவது, சந்திலிருந்து சைக்கிள் திடீரென்று நெடுஞ்சாலையில் ஏறுவது. வழக்கு இழுபடுவது இதில்தான்.

தவறை நிரூபிக்க இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கேட்கும் அளவுகோல் குற்றவியல் நீதிமன்றத்தின் அளவுகோல் அல்ல. ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ என்பது அங்கே. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது இங்கே. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு இதற்கு முன்னோடி. பேருந்து ஒன்று தொங்கிய மின்கம்பியில் பட்டு உயிரிழப்பு நேர்ந்த அந்த வழக்கில் ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையாகியிருந்தார். ஆனாலும் இழப்பீடு உண்டு என்று 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். நுணுக்கங்களைக் காட்டி ஓட்டுநரும் உரிமையாளரும் தப்பிக்க விடக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சாட்சிகள் பல்டியடிக்கலாம். சம்பவ இடத்தில் போலீசார் எழுதும் மகசரும் கையால் வரையும் மாதிரி வரைபடமும் அப்படியே நிற்கும். சாலையின் அகலம், சைக்கிள் கிடந்த இடம், கண்ணாடிச் சில்லுகள், பிரேக் போட்ட தடம் எல்லாம் அதில் வர வேண்டும். சைக்கிளும் ஒரு சாட்சிதான். பின்சக்கரமும் மட்கார்டும் நசுங்கியிருந்தால் பின்னாலிருந்து இடித்தது கார் என்று சொல்லலாம். முன்சக்கரம் எட்டு போல வளைந்து, காரின் பக்கக் கதவில் கீறல் இருந்தால், சைக்கிள்தான் குறுக்கே வந்தது என்று காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் வாதிடுவார். பிழைப்புக்கு வேண்டியிருக்கிறதே என்று மறுநாளே சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுத்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று. அதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைப்பது நல்லது.

இருவரும் தவறியிருந்தால் இழப்பீடு முழுதாக மறைவதில்லை, தவற்றின் பங்குக்கேற்பக் குறையும். மும்பை மாநகராட்சிப் பேருந்தும் சைக்கிளும் மோதிய வழக்கில், போக்குவரத்து விதியை மீறித் திரும்பிய 18 வயது சைக்கிள்காரரின் பங்கு 25 சதவீதம் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் கழித்தது. இரவில் விளக்கில்லை, டபுள்ஸ் வந்தார் என்ற வாதங்களும் எழும். விளக்கில்லாததால்தான் மோதல் நடந்ததா என்பதைக் காட்டினால்தான் அந்தக் கழிவு நியாயம். சிறுவர்கள் மீது இந்தப் பங்கை ஏற்ற நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும்.

இதே ஊரில் ஒரு காலத்தில் வேறு சட்டம் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறும் வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. லாரி மோதி ஒரு சிறுமி காயமடைந்த வழக்கில், பாரிஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1930 பிப்ரவரி 13ஆம் தேதி பிரெஞ்சு சிவில் சட்டத்தொகுப்பின் 1384ஆவது பிரிவுக்குப் புது விளக்கம் தந்தது. வாகனம் யார் பொறுப்பில் இருந்ததோ அவரே சேதத்துக்கும் பொறுப்பு. அடிபட்டவர் ஓட்டுநரின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. 1985 ஜூலை 5ஆம் தேதிச் சட்டம் பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே போனது. சைக்கிள்காரரின் தவறு மன்னிக்கவே முடியாததாகவும் விபத்துக்கு ஒரே காரணமாகவும் இருந்தாலொழிய அவரது உடற்சேதத்துக்கு முழு இழப்பீடு. 16 வயதுக்குக் குறைந்தவர், 70 கடந்தவர் வேண்டுமென்றே விபத்தைத் தேடிக்கொள்ளாத வரை, அவர்களுக்கு அந்த விலக்குகூடப் பொருந்தாது. நெதர்லாந்திலும் 14 வயதுக்குட்பட்ட சைக்கிள்காரருக்கு ஏறக்குறைய எப்போதும் முழுத்தொகை. உடம்பைத் தவிர வேறு கவசம் இல்லாதவர் மீது நிரூபிக்கும் சுமையை ஏற்றாத இந்த ஏற்பாடே நியாயமானது.

இந்தியச் சட்டத்திலும் தவறைக் கேட்காத ஒரு வழி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள 164ஆவது பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். ஆனால் நிறுவனம் நீட்டும் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட 166ஆவது பிரிவு மனு காலாவதியாகிவிடும். எவ்வளவு போகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 42 வயதுக் கொத்தனார். அவரை நம்பி நான்கு பேர். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்தால் 2,25,000. அவரது சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,68,750. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 14. ஆக 23,62,500 ரூபாய். ஈமச்செலவு, குடும்பத்தின் இழப்பு முதலியன தனி. பெருக்கல் எண் 2009இன் சர்லா வர்மா தீர்ப்பிலிருந்தும், 25 சதவீதம் 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்தும் வருபவை. சைக்கிள்காரர் மீது கால்பங்கு தவறு ஏற்றினாலும் 17,71,875 நிற்கும். அவசரத்தில் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் குடும்பம் இழப்பது சிறு தொகையல்ல.

ஓட்டுநருக்கு உரிமம் இல்லை, குடித்திருந்தார் என்று நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். அத்தகைய வழக்குகளில், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. காப்பீடே இல்லாத காரென்றால் உரிமையாளரின் சொத்துதான் கதி. இடித்துவிட்டு எண் தெரியாமல் ஓடிய காரென்றால் 161ஆவது பிரிவுப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதற்கான மனு வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் போகும்.

காரைக்கால்–தமிழ்நாடு எல்லைக்கு மிக அருகில் நடக்கும் விபத்தில் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் காவல் நிலையத்தில் கிடைக்கக்கூடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு எந்த நிலையத்திலும் புகாரைப் பதியச் சொல்கிறது. எல்லையை மனுதாரர் தமக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எங்குள்ள தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். வாஞ்சூரில் அடிபட்ட நாகூர்க்காரர் காரைக்கால் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை, நாகப்பட்டினத்திலேயே போடலாம். மேல்முறையீடு எங்கிருந்தானாலும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே. மருத்துவச் செலவில் மட்டும் எல்லை உறுத்தும். தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் அம்மாநிலத்துக்குள் நடந்த விபத்துகளுக்குத்தான். காரைக்கால் மண்ணில் நடந்ததற்கு 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் உண்டு: ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை.

காலக்கெடுவும் உண்டு. போலீசார் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம். இந்த ஆறு மாதக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. தாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

தவறு சைக்கிள்காரருடையதே என்றால்? காருக்கு ஏற்பட்ட சேதத்தைக் கார்க்காரர் தம் சொந்தச் சேதக் காப்பீட்டில் பெறலாம். சைக்கிள்காரரிடம் கேட்பதானால் சிவில் நீதிமன்றம்தான், தீர்ப்பாயம் இல்லை. பேட்டரி சைக்கிள் வேறு கதை. 250 வாட்டுக்கோ 25 கிலோமீட்டர் வேகத்துக்கோ மேற்பட்டால் அது மோட்டார் வாகனம். பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் வேண்டும்.

யார் தவறென்று கேட்காமல் சைக்கிள்காரருக்குக் கிடைக்கும் மலிவான காப்பீடு, வங்கிக் கணக்கு வழியாக வரும் பிரதமரின் சுரக்ஷா பீமா. 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை அதன் ஆண்டு. பணம் பிடிக்கும் நாளில் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது கணக்குக்காரரின் வேலை.