இன்று எத்தனை பேர்? எண்களைப் படிக்கலாம், வாங்க!



2020, 2021-ஆம் ஆண்டுகளில் புதுச்சேரியில் எல்லா வீடுகளிலும் தினமும் ஒரு கேள்வி எழும். "இன்று எத்தனை பேருக்கு கொரோனா?" உங்களில் சிலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் வீட்டிலிருந்தே பாடம் படித்தவர்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு பகுதிகளின் கணக்கையும் சுகாதாரத்துறை தினமும் வெளியிடும்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "சார், நேற்றைவிடப் பாதியாகக் குறைந்துவிட்டது. இனி பயமில்லை!" என்று முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். "ஐயா, முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். ஏன் தெரியுமா?

திங்கட்கிழமை ரகசியம்

ஞாயிறன்று பரிசோதனைக்கு வருவோர் குறைவு. அதனால் மறுநாள் வெளியாகும் எண்ணும் குறையும். ஆனால், கிருமிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாதே!

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். திங்கள் முதல் ஞாயிறு வரை புதிய நோயாளிகள் 30, 60, 64, 62, 70, 68, 66 பேர். மொத்தம் 420. அதை 7-ஆல் வகுத்தால் ஒரு நாள் சராசரி 60.

அடுத்த திங்களன்று 37 பேர். முந்தைய நாளின் 66 எங்கே, இந்த 37 எங்கே! ஆனால், பழைய திங்களின் 30-ஐ நீக்கி, 37-ஐச் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் 427, சராசரி 61. நோய் குறையவில்லை, கூடியிருக்கிறது! இதனால்தான் ஒரு நாள் எண்ணை மட்டும் பார்க்காமல், ஏழு நாள் சராசரியைப் பார்க்க வேண்டும்.

எத்தனை பேரைச் சோதித்தார்கள்?

ஒரு நாள் 500 பேரைச் சோதித்ததில் 50 பேருக்குத் தொற்று. இன்னொரு நாள் 1,000 பேரில் 80 பேருக்குத் தொற்று. எண் கூடிவிட்டது. ஆனால், சதவீதம் 10-லிருந்து 8 ஆகக் குறைந்திருக்கிறது. இந்தச் சதவீதம் தொடர்ந்து 14 நாட்களாவது 5-க்குக் கீழே இருந்த பிறகே கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்று 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஆலோசனை கூறியது.

சின்ன ஊர், பெரிய எண்!

நம் யூனியன் பிரதேசத்தின் முதல் கொரோனா நோயாளி, 2020 மார்ச்சில் கேரளக் கரையோரம் உள்ள மாஹேயில்தான் கண்டறியப்பட்டார். 2011 கணக்கெடுப்பின்படி மாஹேயின் மக்கள் தொகை 41,816. புதுச்சேரிப் பகுதியிலோ 9,50,289 பேர்.

ஒரே நாளில் புதுச்சேரியில் 100 பேருக்கும், மாஹேயில் 10 பேருக்கும் தொற்று என்று வைத்துக்கொள்வோம். எங்கே பாதிப்பு அதிகம்? 'புதுச்சேரி' என்று அவசரப்படாதீர்கள்! லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டால் புதுச்சேரியில் சுமார் 11. மாஹேயில் சுமார் 24. சின்ன ஊரில்தான் இரண்டு மடங்குக்கும் மேல்!

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் காய்ச்சலால் வராதவர்கள் எத்தனை பேர் என்று பள்ளி நடக்கும் நாளெல்லாம் நோட்டில் குறியுங்கள். வாரக் கடைசியில் சராசரி எடுத்து, வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். நான்கு வாரப் புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். கோடு ஏறுகிறதா? உடனே ஆசிரியரிடம் காட்டுங்கள். கொசு எங்கே பெருகுகிறது, குடிநீர் சுத்தமா என்று பெரியவர்கள் கவனிக்க அது உதவும்.

அந்தப் பெரியவரா? செவ்வாயும் புதனும் எண் மறுபடி ஏறியதும் அவரே வந்தார், முகக்கவசத்தோடு! "சார், அந்தச் சராசரிக் கணக்கை என் பேரனுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

ஒன்றை மறக்காதீர்கள் குழந்தைகளே! பட்டியலில் '1' என்று இருந்தாலும் அது யாரோ ஒருவருடைய அம்மா, தாத்தா அல்லது நண்பன். அவர்களைக் காப்பாற்றத்தான் இந்தக் கணக்கெல்லாம்.