ஓர் அமினோவமிலமும் ஒரு பரம்பரை நோயும்

அறம் என்னுஞ் சொல்லில் ஓரெழுத்துத் திரிந்து அரம் என்றாயின், நல்லொழுக்கம் போய் இரும்பை அராவுங் கருவி வந்து நிற்கும். உடலிலும் இத்தகைய திரிபுகள் நிகழ்வதுண்டு. புரதங்கள் யாவும் அமினோவமிலங்கள் குறித்த ஒழுங்கிற் கோக்கப்பட்ட சங்கிலிகளே. அவ்வொழுங்கில் ஒன்று பிறழினும் கொடுநோய் விளையலாம் என்பதற்கு அரிவாட்கலச் சோகை தக்க சான்றாகும்.

1910ஆம் ஆண்டில் சிக்காகோ நகர வைத்தியரான ஜேம்ஸ் ஹெரிக் என்பார், கிறனடாத் தீவினின்று வந்த மாணவர் ஒருவரின் குருதியில் அரிவாள் போல வளைந்த செங்கலங்களைக் கண்டு எழுதினார். அவற்றின் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. 1949இல் லைனஸ் போலிங்கும் அவர்தம் உடனாய்வாளரும், இந்நோயாளரின் ஈமோகுளோபின் மின்புலத்தில் இயல்பானதினின்றும் வேறாக நகர்வதைக் காட்டி, இஃது ஒரு மூலக்கூற்று நோய் என நிறுவினர். அவ்வேற்றுமை யாதென்பதை 1957இல் கேம்பிரிட்சில் வேர்ணன் இங்கிராம் வெளிப்படுத்தினார்.

ஈமோகுளோபின் மூலக்கூறொன்றில் அல்பாச் சங்கிலிகள் இரண்டும் பீற்றாச் சங்கிலிகள் இரண்டும் உள. பீற்றாச் சங்கிலியின் 146 அமினோவமிலங்களுள் ஆறாவதாக நிற்கவேண்டியது குளுற்றாமிக்கமிலம். இந்நோயில் அதனிடத்தில் வலீன் அமர்கின்றது. முன்னது மின்னேற்றமுடையது, நீரோடு இணங்குவது. பின்னது நீரோடு இணங்காதது. ஈமோகுளோபின் தன் ஒட்சிசனை இழையங்களுக்கு ஈந்தபின், இவ்வலீன் அயல் மூலக்கூறொன்றின் பள்ளத்திற் பொருந்துகின்றது. இங்ஙனம் ஒன்றோடொன்று ஒட்டி உருவாகும் நீண்ட நார்கள், வட்டமான கலத்தை அரிவாளாய் வளைக்கின்றன. விறைத்த அக்கலங்கள் நுண்குழாய்களை அடைக்க, என்பிலும் மார்பிலும் தாங்கொணா நோவு எழுகின்றது. ஏறக்குறைய 120 நாள் வாழவேண்டிய கலங்கள் 10 முதல் 20 நாளிற் சிதைவதாற் சோகை மிகுகின்றது.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்ந்த பரம்பரையலகைப் பெற்ற பிள்ளையே இவ்வாறு துன்புறும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோர் பெரும்பாலும் நலமாய் வாழ்வர். ஆயினும் அத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் நோய் வருதற்கு நாலிலொரு வாய்ப்புண்டு. இத்துணைத் தீய பிறழ்ச்சி ஆபிரிக்காவில் அழியாது நிலைத்தது ஏன்? பிறழ்ந்த அலகு ஒன்றை மட்டும் உடையாரை அது மலேரியாவினின்றுங் காக்கின்றது என்பதை 1954இல் அன்ரனி அலிசன் எடுத்துக்காட்டினார். ஒன்றாய் வரிற் கவசம். இரண்டாய் வரிற் கூற்று.

நோயின் வேர் அறியப்பட்டமையால் மருந்தின் வழியுந் திறந்தது. நோயாளரின் என்பு மச்சைக் கலங்களில் வேறொரு பரம்பரையலகைத் திருத்திக் கருப்பருவ ஈமோகுளோபினை மீண்டும் உண்டாக்குஞ் சிகிச்சைக்கு, 2023இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் இசைவளித்தன. ஆயினும் அது பெருஞ்செலவுடையது; இந்நோயாளர் மிகுந்து வாழும் ஆபிரிக்க நாடுகளில் எளிதிற் கிட்டுவதன்று. ஆய்வுகூடத்திற் கண்ட உண்மை, நோவால் துடிக்கும் குழந்தையின் படுக்கைவரை சென்றடையும்போதே முழுப்பயன் உடையதாகும்.